மதகுப் பலகை

தில்லைவிளாகத்துக்குத் தெற்கே
தரை நம்பும்படியாகத்தான் இருக்கும்.
மேலே வெயிலில் வெடித்த ஓடு,
ஒரு முழம் கீழே
நேற்றைய ஆறு.

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி.
நீலம் அடித்திருக்கிறோம்.
சுரண்டினால் பச்சை,
பச்சைக்கு அடியில் யாரோ ஒரு படையின் எண்.
இப்போது இறால் தீவனம் ஏற்றுகிறது.
எத்தனை மூட்டை என்று சொல்ல மாட்டேன்,
கடன் கொடுத்தவர் படிக்கக்கூடும்.

மூன்று நாளாக இடப்பக்கம் சாய்ந்தே நடந்தது.
பள்ளத்தில் இறங்கினால்
கழுத்து சுளுக்கியவர் திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு முனகல்.
"எண்ணெய் விடு மைமூனு, சரியாப் போயிடும்"
என்றான் பங்காளி இருதயராஜ்.
கம்பி பிரஷ்ஷால் உப்பும் துருவும் தேய்த்து
பட்டை இடுக்கெல்லாம் எண்ணெய் விட்டோம்.
முனகல் போயிற்று.
சாய்வு போகவில்லை.

பின் கமானில் ஏழு பட்டை.
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
மேலிருந்து இரண்டாவதில்,
யூ போல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி,
தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு.
பொட்டு வைத்த மாதிரி அழகாகத்தான் இருந்தது.

குளத்துக் கரை.
சிமெண்டுத் தரை வேண்டுமென்றால் ஒன்பது கிலோமீட்டர்.
அதுவரை பட்டை தாங்காது.

முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும்
கருங்கல் கொடுத்தேன்.
ஹேண்ட் பிரேக்கை நம்பவில்லை:
பின்சக்கரம் ஒன்று தரையை விட்டால்
அந்தப் பிடி செல்லாக்காசு.
நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே இளக்கினேன்.
ஜாக்கிக்கு அடியில்
உடைந்த மதகின் தேக்குப் பலகை,
ஒரு காலத்தில் பாசனத் தண்ணீரைத் தடுத்தது.
கழற்றிய சக்கரம் ஒருபுறம் கிடக்க
ஸ்டெப்னியைப் படுக்கவைத்து
சேசிஸுக்கு அடியில் தள்ளினேன்,
அதன்மேல் ஒரு புளியங்கட்டை.

"உனக்குப் பயம்."
"ஆமாம்."

அவன் சிரித்தான்.
நட்டு ஒன்று உருண்டு உள்ளே போனது.
கையை நீட்டினான்.

பலகையின் ஒரு மூலை
வெண்ணெயில் இறங்கும் கத்திபோல,
அவசரமே இல்லாமல்,
களிக்குள் போனது.
ஜாக்கி தலை சாய்த்தது.
பிறகு வண்டி வந்தது.

நான்கு விரற்கடை.
அவ்வளவுதான் விழ இடமிருந்தது.
மீதியை டயர் வாங்கிக்கொண்டது,
ஒரு நீண்ட பெருமூச்சோடு.

குளத்தில் ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது.
அவன் கையை வெளியே இழுத்து
விரல்களை விரித்தான்.
நட்டு இருந்தது.
விரல்களும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு பலகை கொண்டுவந்தான்,
குறுக்கே வைத்தான்,
மண்ணை மண்வெட்டியால் சமன்செய்தது அவன்தான்.
இந்த முறை இரண்டு ஸ்டாண்டு.
வண்டியைப் பிடித்து
நானே உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

திருவாரூர் பைபாஸில் எடைக்கு வாங்கிய பட்டை.
பழையதின் வளைவைச் சுண்ணக்கட்டியால்
தார்ப்பாயில் வரைந்து ஒப்பிட்டேன்.
கட்டைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப்:
வளைத்துக் கட்டிய எஃகு
அவிழ்ப்பவரின் முகம் பார்க்காது.

"எட்டாவது பட்டை ஒன்று சேர்த்துடலாமே?"
சேர்க்கலாம். கமான் வளையாது.
வளையாத பாரம் சேசிஸுக்குப் போகும்,
பிறகு அங்கே ஒரு சிவப்புக் கோடு தேட வேண்டும்.
எட்டு மூட்டை குறைப்போம் என்றேன்.
கணக்குப் போட்டான்:
தவணை பத்து நாள் தள்ளும்.
தள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை,
எனக்கும் தெரியாது
யாரிடம் என்ன சொல்லித் தள்ளுவதென்று.

யூ போல்ட்டை மூலைக்கு மூலை மாற்றி இறுக்கினோம்.
ஷாக்கிள் போல்ட்டைக் கடைசியில்,
வண்டி தன் கனத்தில் உட்கார்ந்த பிறகு.
வாய்மேடு போய்த் திரும்பியதும்
மறுபடி ஸ்பேனர் போட்டால்
கால் சுற்று கொடுத்தது.
எல்லாம் ஒருமுறை அமர்ந்துகொண்டு
பிறகுதான் பிடிக்கிறது.

ஸ்டெப்னியில் சேசிஸ் பதிந்த தடம்
இன்னும் மறையவில்லை.
காற்றடிக்கும்போது
இருதயராஜ் அதன்மேல் கை வைத்துப் பார்ப்பான்.
நான் அப்போதெல்லாம்
வேறு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.