எந்த விரல்

காலையில் பன்னிரண்டு யூனிட், இரவில் பத்து.
தொப்புளுக்கு இடப்புறம் ஒருநாள், வலப்புறம் ஒருநாள்.
குத்தி முடித்த ஊசியை
ராசிபலன் பக்கத்தில் சுருட்டி
ஆவின் கவருக்குள் திணித்து
முடிச்சுப் போட்டுவிட்டால்
வீட்டைவிட்டு நோயே போன மாதிரி.
ஒன்பது வருடம் அப்படித்தான் போனது.

அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு
வண்டி ஆறே முக்காலுக்கு வரும்.
முன்னால் பாட்டு வரும், பின்னால் மரியபுஷ்பம்.
பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி,
கைப்பிடியில் தொங்கும் ஒரு சிவப்புப் பை.
அதை அவளுடைய சாப்பாட்டுப் பை என்றே
இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை.
பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தேன்.
கீழே அவள்
யாரோ ஒன்றாய்க் கட்டிப்போட்ட மூட்டையைப் பிரித்து
சிரட்டையைத் தனியே எடுத்தாள்,
சேமியா கவரைத் தனியே எடுத்தாள்,
அப்புறம் கையை உதறினாள்.
சத்தம் போடவில்லை.
விரலை வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி,
வேண்டாமென்று இறக்கினாள்.
குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் திறந்து
விரல்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் குடியிருப்பில் சர்க்கரைக்காரர்கள் நான்கு பேர்.
முதல் மாடி வெங்கடவரதன்,
கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஜுபைதா,
மொட்டைமாடி அறையில் எல்.ஐ.சி. பாண்டுரங்கன்,
மூன்றாம் மாடியில் நான்.
ஊசியில் பெயர் இருக்காது.
அவள் காலடியில் கிடந்தது ஆவின் கவர்;
எல்லா வீட்டிலும் ஆவின்தான்.
சுற்றியிருந்த காகிதம் எந்தப் பக்கம் என்று
பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மாத்திரை.
ஆறாவது வாரம் ரத்தம் எடுக்கணும்,
அப்புறம் மூணாம் மாசம், மறுபடி ஆறாம் மாசம்.
வாட்ச்மேனிடம் சொன்னாள், மாடிகளுக்கும் கேட்டது.
காலண்டரில்
முகூர்த்த நாள்களுக்கு நடுவே
பென்சிலால் மூன்று புள்ளி வைத்தேன்.

அன்றிரவே ஃபினாயில் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
கெட்டி பிளாஸ்டிக், திருகு மூடி.
முதல் ஊசி விழுந்தபோது டிக் என்றது.
பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவும் வைத்ததுதான்,
வீடே வந்து விழத் தொடங்கியது:
ரிமோட்டில் கசிந்த செல்கள்,
காலாவதியான எறும்பு மருந்து,
அவர் போய் நான்கு வருடமாகியும்
அவருக்காகக் காத்திருந்த இதய மாத்திரைகள்.
வயிறு உப்பிய போன் பேட்டரிக்குத் தனிக் கிண்ணம்,
எதிர்வீட்டுக் கட்டட வேலையில் கேட்டு வாங்கிய
எம்-சாண்டு நிரப்பி.
கழற்றிய டியூப்லைட்டைப் பழைய புடவையில் சுற்றி
பீரோவுக்குப் பின்னால் சாய்த்தேன்,
தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுவதுபோல்.
இத்தனையும் என்னோடுதான் குடியிருந்ததா?

ஆறாவது வாரம்: ஒண்ணுமில்ல.
மூன்றாம் மாதம் மழை.
தெருவில் முழங்காலளவு தண்ணீர், நாலு நாள் வண்டி இல்லை.
ஐந்தாம் நாள் வந்தவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

தையில், கேட்காமலே சொன்னாள்:
"எல்லாம் சுத்தமாம்க்கா."
கரும்புச் சக்கை தெரு கொள்ளாமல் கிடந்தது.
பாட்டிலோடு இறங்கினேன்.
சொல்லவேண்டிய ஒரே வாக்கியத்தைப்
படிக்குப் படி சரிபார்த்துக்கொண்டு.

சிவப்புப் பையை விரித்தவள்
பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.
பால்வெள்ளை பிளாஸ்டிக்குள் நிழல்நிழலாக
முந்நூறுக்கு மேல்.
"இவ்ளோவும் நீங்களே குத்திக்கிட்டதா?"
ஆமாம் என்றேன்.
"வலிக்குமாக்கா?"

வாக்கியம் முதல் மாடித் திருப்பத்திலேயே
நின்றுவிட்டிருந்தது.
பழகிடுச்சு, என்றேன்.

பாட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது.
இரண்டு கையிலும் உறை போட்டிருந்தாள், புதுசு.
எந்த விரல் என்று
இன்னும் நான் கேட்கவில்லை.