தபால்காரியின் இடது காது

அந்தக் குளிர்காலத்தில் மட்டும்
நாற்பத்தோரு பொட்டலங்கள் சுமந்தேன்.
எல்லாம் ஒரே எடை,
எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ‘இரகசியம்’.
தொலைக்காட்சியில் எவனோ ஒரு பேருந்தை மறைத்தானாம்.
சாஸ்கச்சுவான் பனிக்கடியில் கிடந்த எங்கள் ஊர்
காதும் காதும் வைத்ததுபோல்
ஆளுக்கொரு பெட்டி வரவழைத்தது:
மாட்டு டாக்டர், பாதிரியார், தானியக் கிடங்கு ஹ்னாட்,
ஃப்ரீசன் வீட்டு மகள்கள் மூவரும், தனித்தனியாக.

பிப்ரவரிக்குள் சிக்கல்.
எல்லோரிடமும் அதே பொய்க் கட்டைவிரல்.
இவன் கைக்குட்டையை மறைத்தால்
அவள் கொட்டாவி விடுகிறாள்.

பெட்டி வாங்காதவள் நான் ஒருத்தி.
வாசலுக்கு வாசல் நிறுத்தி
என் இடது காதிலிருந்து காசு எடுத்தார்கள்.
மைனஸ் முப்பதில் உலோகம் சுடும், தெரியுமா?
காதில் பூ சுற்றினார்கள் என்று சொல்ல முடியாது;
பூவென்றால் வலித்திருக்காது.
“அட!” என்றேன்.
நாளுக்கு இருபது “அட!”
சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

ஜனவரியிலேயே ஒரு பொட்டலம் ஈரத்தில் பிய்ந்து
அந்த ரப்பர் விரல் என் கையுறையில் விழுந்ததை
யாருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரலில் இருபது, நான்கானது.
பிறகு பொட்டலங்கள் நீண்டன:
கித்தார்களாம்.
ஃப்ரீசன் வீட்டில் மூன்றும்
மூன்று சுருதியில்.

மே மாதம், ஹ்னாட்டுக்கு ஒரு பதிவுத் தபால்.
கையெழுத்துப் போடும்வரை
தலையைக் கொஞ்சம்
இடப்பக்கம் அவனுக்கு வாகாய்த்
திருப்பியே வைத்திருந்தேன்.
பேனாவைத் திருப்பித் தந்தான்.
கதவைச் சாத்தினான்.