காரணம் எழுதும் கட்டம்

செக்கானூரணி தாண்டி, வேம்படிக் கண்மாய்க்குள்
மஞ்சள் பொக்லைன் ஒன்று
கையை மடக்கிக்கொண்டு நிற்கிறது.
என்ஜின் ஓடுகிறது, வேகம்தான் ஏறவில்லை.
மதியச் சோற்றுக்குப் பிறகு
வேலைக்கு எழுப்பப்பட்ட ஆளாட்டம் முனகல்.

"மெக்கானிக்கு எங்க?" என்று
என் முதுகுக்குப் பின்னால் தேடிவிட்டு
ஒச்சப்பன் சொன்னார்:
"சென்சாரு போச்சு தாயி.
புதுசு எண்பத்தாறாயிரமாம், வாரண்டில ஏத்திவிடு.
நாகமலைப் பக்கம் பாரு, கருக்கிட்டு வருது.
மழைக்குள்ள அள்ளி முடிக்கலேன்னா
பில்லு பூராம் நின்னுபோகும்."

வெயிலில் லேப்டாப் திரை தெரியவில்லை.
துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து மூடி
உள்ளே படித்தேன். இரண்டு பிழைகள்.
ஒன்று: சென்சார் பேசவில்லை.
மற்றது: சென்சார் பேசியது, நம்பும்படி இல்லை.
ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியுமா?
முடியும். வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பக்கக் கதவைத் திறந்ததும் அந்த நெடி,
விடியலில் ஆட்டுக்கிடைக்குள் நுழைந்த மாதிரி.
கனெக்டரைக் கழற்றினால் பின்களில்
வெள்ளையாகப் பூத்திருந்தது யூரியா.
இருபத்துநாலு வோல்ட் வரவேண்டிய இடத்தில் பதினேழு.
தகவல் கம்பிகளுக்கு நடுவே அறுபது ஓம், சரியாக.
ஆக, பேசத் தெரியும்.
சோறு பத்தவில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்க்கில் சுடவைத்த டிஸ்டில்டு வாட்டர்,
பழைய பல் பிரஷ். உப்பு கரைந்தது.
ஊதிக் காயவைத்து மாட்டினேன்.
முதல் பிழை போனது.
ஒச்சப்பன் போனில் டிப்பர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

நாற்பதாவது நிமிடம்
இரண்டாவது திரும்பி வந்தது.

தொட்டியிலிருந்து இரண்டு சொட்டு.
ரிஃப்ராக்டோமீட்டரை வானத்துக்கு நேரே பிடித்தேன்.
நீலமும் வெள்ளையும் முட்டுகிற கோடு
முப்பத்திரண்டரையில் நிற்கணும்.
இருபத்தொன்றில் நின்றது.
துடைத்துவிட்டு மறுபடியும். இருபத்தொன்று.

சென்சார் நன்றாக இருக்கிறது.
நாள் முழுக்க அது சொன்னதெல்லாம்
இது நீங்கள் சொல்லும் சரக்கு இல்லை என்பதுதான்.

டிரைவர் சோணைமுத்து அப்போது
டிராக் செயினில் அப்பிய களியைக்
குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.
ஓர் இடுக்கு முடிந்ததும் அடுத்த இடுக்கு.
யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"எத்தனை கேன்?"
"ஒண்ணுக்கா." செயினைப் பார்த்தே சொன்னான்.
"யூரியா வாளி அனுப்புறேன்னாரு, மூணு நாளா வரல.
பஸ்ஸர் கெடந்து கத்துது.
எனக்கு மணிக்கணக்குக் கூலிக்கா,
வண்டி நின்னா நானும் நின்னேன்.
குடிக்கிற தண்ணிதான் ஊத்துனேன். சுத்தமானது."
அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது மட்டும்
என்னைப் பார்த்தான்.

கப்பலூரிலிருந்து ஆட்டோவில்
மூன்று வாளிகள் வந்துசேர மணி நாலு.
அதற்குள் தொட்டியை இறக்கிக் கவிழ்த்து
இரண்டு தடவை அலசியிருந்தோம்.
அலசும்போது அவன் பேசவில்லை. நானும்தான்.

பணிச்சீட்டில் ஒரு கட்டம் உண்டு: காரணம்.
இரண்டு விரற்கடை அகலம்.
சென்சார் என்று எழுதினால்
கம்பெனி புதுசு தரும், நல்லது குப்பைக்குப் போகும்.
கலப்படம் என்று எழுதினால்
சோணைமுத்துவுக்கு இந்த மாதம் போகும்.
வாளி வராத மூன்று நாளை எழுதக்
கட்டமே அடிக்கவில்லை அவர்கள்.

'கனெக்டரில் உப்பு. சுத்தம் செய்யப்பட்டது.'
பதினேழு வோல்ட்டை எழுதினேன்.
இருபத்தொன்றை எழுதவில்லை.
ஒச்சப்பன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
"வாளி தீருறதுக்கு முன்னாடியே அடுத்தது வரணும்" என்றேன்.
"ம்" என்றார், மேகத்திடம்.

ஆறரைக்குக் கை நிமிர்ந்தது.
முதல் பக்கெட் கரம்பை டிப்பரில் விழுந்த சத்தம்
கரையேறும்வரை என் பின்னால் கேட்டது.

செக்கானூரணி முக்கில் டீக்கு நிறுத்தினேன்.
கிளாஸைத் தூக்கினால் விரலில் இன்னும் ஆட்டுக்கிடை,
நகக்கண்ணில் வெள்ளை.
"சீனி போதுமாக்கா?" என்றான் கடைப்பையன்.
போதும் என்றேன்,
வாயில் வைப்பதற்கு முன்பே.