கடைசி மாதவிடாய்த் தேதி

படிவத்தில் நாலாவது கேள்வி.
நாளுக்கு, மாதத்துக்கு, வருடத்துக்கு
மூன்று சின்னப் பெட்டிகள்.
கெம்பி ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்:
"காப்பி பூத்துக் கருகின மறுநா."

எந்தக் காப்பி?
மேட்டுத் தோட்டமா, ஆற்றோரமா,
முதல் மழைக்குப் பூத்ததா, பிந்தின மழைக்கா?

பந்தலூருக்கு வந்த புதிதில்
எனக்கு இப்படிக் கேட்கத் தெரியாது.
சாத்தூர்க்காரி நான்,
காப்பியைத் தம்ளரில்தான் பார்த்திருந்தேன்.
"தெரியாது" என்று எழுதிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

அப்படி எழுதிய ஒருத்தியின்
வயிற்றை டேப்பால் அளந்து
இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது, போய்வா என்றேன்.
நாலாம் நாள் ஜீப் வந்தது.
இறங்கியது அவள் தம்பி மட்டும்தான்.

இப்போது பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலில் ஒரு காலண்டர் வைத்திருக்கிறேன்.
பலா பிஞ்சு விடுவது, தேனுக்கு ஏறுவது,
மூங்கில் குருத்து, இஞ்சி பிடுங்குவது,
ரேஷன் கடைச் சுவரை யானை தள்ளிய இரவு
(இதற்கு மட்டும் வனத்துறையிடம் தேதி இருந்தது).
ஆய்வுக்கு வந்தவர் புரட்டிப் பார்த்து
சமையல் குறிப்பா சிஸ்டர் என்றார்.

காப்பிக்குத் தோட்டத்து ரைட்டரிடம் ஃபோன் போட்டேன்.
"என்ன சிஸ்டர், எஸ்டேட் வாங்கப் போறீங்களா?"
சிரித்து முடித்துவிட்டு நோட்டைப் பார்த்துச் சொன்னார்:
மார்ச் எட்டில் பூ, பதினொன்றில் கருகல்.
பன்னிரண்டோடு ஏழைக் கூட்டி
மாதத்தில் மூன்றைப் பின்னால் தள்ளி
டிசம்பர் பத்தொன்பது என்று சிவப்பில் எழுதினேன்.

ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு.
அரிவாள் செல் இருக்கக்கூடாதென்று வேண்டிக்கொண்டே
ரத்தம் எடுத்து அனுப்பினேன்.
இல்லை என்று வந்த காகிதத்தை
இரண்டு தடவை வாசித்தேன்.

பத்து நாள் முன்னாலேயே கூட்டிவந்து
காத்திருப்பு அறையில் தங்கவைத்தோம்.
கட்டில் உயரம் என்று தரையில் படுத்தாள்.
ராத்திரியெல்லாம் ட்யூப்லைட்
தன்னையே பார்க்கிறது என்றாள்.
மூன்றாம் நாள் விடிகையில்
போர்வை மட்டும் மடித்தபடி இருந்தது.

ரோடு முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸை நிறுத்தி
நௌஷாத் நடந்துபோய்
அட்டைக்கடியோடு திரும்பினான்.
"வரமாட்டேங்குது சிஸ்டர்.
காப்பி செவந்தா வரேன்னு சொல்லுது."
அன்று நான் போட்ட சத்தம்
மருந்தறை வரை கேட்டதாம்.

பதினேழாம் தேதி, இரவு எட்டேகால்.
முன்னால் டார்ச்சோடு புருஷன் மாதன்,
பின்னால் இடுப்பைப் பிடித்தபடி அவள்.
சேரம்பாடி வளைவில் யானை நின்றதாம்,
தேயிலைக்குள் புகுந்து வந்தார்களாம்.
என் மேசைமேல் எதையோ வைத்தாள்.
ஒரே ஒரு காப்பிப்பழம்.
பாதிதான் சிவப்பு.

விடியற்காலை மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை,
இரண்டு கிலோ நூறு.
நஞ்சு விழுந்த பின்னும் ரத்தம் நிற்கவில்லை.
டாக்டர் ஜசீலா
ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின்மேல்
அழுத்திப் பிடித்தபடி
மலையாளத்தில் என்னவோ எண்ணிக்கொண்டிருந்தார்.
குளிர்பெட்டியில் இருந்தது ஒரு பை, ஓ பாசிட்டிவ்,
அதுவும் பாதிக்குமேல் ஏறிவிட்டது.
ரெஃபர் சீட்டை எழுத ஆரம்பித்தேன்.
மலையேறி ஊட்டியா,
எல்லை தாண்டி மேப்பாடியா என்ற இடத்தில்
பேனா நின்றது.
"எழுதாத, இரு" என்றார் டாக்டர்.
"நிக்குது."

மூன்றாம் நாள் கெம்பி கேட்டாள்,
முலையில் பிள்ளை, முகத்தில் சிரிப்பு:
"உன் தேதி என்னாச்சு?"
காட்டலாமென்று பழத்தைத் தேடினேன்.
யாரோ பெருக்கிவிட்டிருந்தார்கள்.

காலண்டரில் ஒரு வரி சேர்த்தேன்.
பென்சில்தான், அடுத்த வருடம் மழை மாறினால்
அழித்துக்கொள்ளலாம்.
பீரோவில் பழைய பதிவேடு கிடக்கிறது,
நாற்பதாம் பக்கம், என் கையெழுத்து.
"தெரியாது."
அது மையில் எழுதியது.