ஒன்பது மணிப் படம்

ஒன்பதரைக்குள் படம் ஏறியாக வேண்டும்.
மன்னவனூர் ஓடைக்கரையில்
பதினோரு பேரை வரிசையாக நிறுத்துகிறேன்.
எனக்குத் தெரிவது ஆறு பேர்.
மீதியெல்லாம் மேகம்.

லென்ஸை முந்தானையில் துடைத்தேன்.
முந்தானையும் ஈரம்.

கண்ணை மூடித் திறக்கச் சொல்கிறது செயலி,
உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக.
பவுனுத்தாய் மூடினாள். திறந்தாள்.
"இன்னொரு தரமா?
ராத்திரியெல்லாம் பூண்டு உரிச்ச கண்ணு,
மூடினா அப்படியே தூங்கிரும்."
சிரிப்பில் வரிசையே ஆடிப்போனது.
முதலிலிருந்து.

குல்லாயைக் கழற்றச் சொன்னேன்.
காதெல்லாம் சிவப்பு.
இருளப்பனுக்கு மட்டும்
முகம் கிடைக்கவில்லை,
முகம் கிடைக்கவில்லை.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
"வந்துதானே நிக்கிறேன்?" என்றார்,
என்னிடம் இல்லை, போனிடம்.

டார்ச் போட்டேன்.
வெளிச்சம் மேகத்தில் முட்டி
என் முகத்துக்கே திரும்பியது.

பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று.
கீழே கேரட் பாத்தி, அதன் வேலி,
வேலியில் காயும் யாரோ ஒருவரின் சட்டை,
பதினோரு முகம்.
அழுத்திவிட்டேன்.

இனி சிக்னல்.
ஒற்றைக் கோடு கிடைக்கும் பாறைக்கு ஏறுவதற்குள்
குளிரில் பேட்டரி பதினான்கிலிருந்து ஒன்பது.
வட்டம் சுற்றுகிறது.
ஒன்பது இருபத்தெட்டு.
போனை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி
குஞ்சுக்கு ஊதுவதுபோல ஊதினேன்.

ஏறியது.

இறங்கி வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.
இருளப்பன் விரலால் தன்னைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"கண்ணு மூடியிருக்கே, செல்லுமா?"

செல்லும் என்றேன்.
ரெண்டு மணிப் படத்துக்குத்
திறந்து வையுங்கள்.