நுரை இல்லாத கணக்கு

தூள் பைக்கற்றின் விலை மூன்றாம் முறை ஏறியது
ஆடியில் ஒரு கிழமை.
குகதாசன் அதை விற்கிறவர்.
கொம்பனி வான், கொம்பனித் தொப்பி,
நிலாவெளி முதல் மூதூர் வரை
கடை கடையாக ஏறி இறங்கும் ஆள்.
அவருக்கே கழிவு பத்து வீதம்தான்.

அந்தக் கிழமைதான்
வேலிக்கு மேலால் பரீனா
ஒரு பை பூந்திக்கொட்டை நீட்டினாள்.
"கந்தளாயில மாமிட வளவில கொட்டிக் கிடக்கு.
ஊறப்போட்டு அவிச்சுப் பாரன்."

பன்னிரண்டு கொட்டை, விதை நீக்கி.
ஒரு சட்டி தண்ணீர்.
சாயத் தேநீர் நிறத்தில் ஒரு சாறு.
நுரை பெரிதாய் வராது.
நுரைக்காதது வெளுக்காது என்று
இருபது வருடம் விளம்பரம் பார்த்த கை
முதல்நாள் நம்பவில்லை.
கொலர் அழுக்கு விட்டது.
விரலிடுக்கு வெடிப்பும்
ஒரு மாதத்தில் என்னை விட்டது.

பிறகு துணிவு வந்துவிட்டது எனக்கு.
குளியலறைக்கு வினாகிரியும் அப்பச்சோடாவும்,
சட்டிக்குச் சாம்பல், தேசிக்காய்க் கோது,
பச்சைப் பஞ்சு இருந்த இடத்தில் ஒரு பிடி தும்பு.
நாலாகக் கிழிந்த என் பழைய நைட்டி
நிலம் துடைக்கிறது.
மிஞ்சிய காசு பால்மா டின்னுக்குள்.
சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
'தூள்' என்ற சொல்லுக்கு நேரே வெறும் கோடு.
ஏழு மாதம், ஏழு கோடு.
ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது ரூபா.

அவரிடம் சொல்லவில்லை.
இறைச்சிக்கடைக்காரன் வீட்டில்
மரக்கறிச் சமையல் என்றால்
ஊர் என்ன கதைக்கும்?

இடையில் ஒருநாள் கடற்கரை வீதியில்
புள்ளிமான் ஒன்று நின்று
எதையோ அசை போட்டது.
வாயோரம் ஒரு மூலை தெரிந்தது:
நீலமும் வெள்ளையும்,
அவர் தொப்பியில் உள்ள அதே நிறம்.
இழுக்கப் போனேன்.
அது விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது,
பற்றுச்சீட்டுக் கேட்கும் காசாளரைப்போல.

மாசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்
கூடாரம் அடித்து மைக் பிடித்தார்களாம்.
கொழும்பிலிருந்து வந்த மேலாளர்
குகதாசனை மேசைமேல் ஏற்றி,
"இந்தச் சேட்டைப் பாருங்கள்,
இதுதான் எங்கள் தூளின் வெண்மை" என்றாராம்.
சனம் கைதட்டியதாம்.
சோற்றைக் குழைத்தபடி அவர் சொல்லச் சொல்ல
எனக்குப் புரைக்கேறியது.
தண்ணீர் தந்து, முதுகில் தட்டி,
என்ன என்றார்.
சொல்லிவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன்.
கழுவாத கையோடு எழும்பிப் போய்
ஏணி வைத்து
சீலிங் பலகை ஒன்றைத் தள்ளினார்.
உள்ளே நீலமும் வெள்ளையும்,
அடுக்கு அடுக்காக.
மாத இலக்கு எட்டாத ஒவ்வொரு மாதமும்
தன் சம்பளத்தில் தானே வாங்கி
தானே ஒளித்தவை.
அறுபத்திரண்டு.
பைக்கற் ஐந்நூற்றுத் தொண்ணூறு.

நான் கூட்டிப் பார்த்தேன். பிறகு கழித்துப் பார்த்தேன்.
கொப்பியில் அதற்கு வரி கீறியிருக்கவில்லை.
அவர் ஏணியிலேயே நின்றார்.
"நீ மிச்சம் பிடிக்கிறாய் எண்டு தெரிஞ்சிருந்தா
நான் இன்னும் குறைய ஒளிச்சிருப்பன்" என்றார்.
அது மன்னிப்பா, பகிடியா,
இன்னும் விளங்கவில்லை.

இருபதை உப்புவெளி விடுதி ஒன்றுக்கு
அரை விலைக்குத் தள்ளினோம்.
மிச்சம் மேலேதான் கிடக்கிறது.
ஐப்பசி மழைக்குக் கொட்டை பூஞ்சணம் பிடிக்கும்,
அப்போது ஒன்றை வெட்டுவேன், அரைக் கரண்டி அளந்து.
புனிதம் எதற்கும் நான் நேர்ந்துகொள்ளவில்லை.
டின்னில் இப்போது இரண்டு பேரின் காசு விழுகிறது,
அவருடையது சில்லறையாக.

திங்கட்கிழமை வானில் ஏறமுன்
ஒரு யோகட் கோப்பை நிறையச் சாறு கேட்டார்,
வழியில் சேட்டில் தேநீர் ஊற்றுப்பட்டால் என்று.
தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு
யாரும் பார்க்கிறார்களா என
ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்தார்.
வேலிக்கு மேலால்
பரீனா பார்த்துக்கொண்டிருந்தாள்.