மாதாந்திரப் பராமரிப்பு

வெள்ளி இரவு வாட்ச் கிளாசில் ஊற்றிய டோலுயீன்
திங்கள் காலைக்குள் வற்றியிருந்தது.
அடியில், சதுரச் சதுரமாய்,
கனகாம்பர நிறத்தில் படிகங்கள்.
ஒன்றின் அகலம் ஒரு தலைமுடிகூட இல்லை.
ஊசி முனையால் நகர்த்துகையில்
ஜெசிந்தா மூச்சை நிறுத்திக்கொள்வாள்.
போன மாதம் ஒரு தும்மலில் போனது
பதினோரு நாள் வேலை.

பச்சை லேசரை மேலே பாய்ச்சினால்
உள்ளே பிறக்கும் வெளிச்சம்
வாசல் தெரியாமல் சுவரோரமாகவே ஓடும்.
கீழ மாசி, தெற்கு மாசி, மேல மாசி, வடக்கு.
புறப்பட்ட இடத்துக்கு
புறப்பட்ட அதே காலை முன்வைத்து
வந்து சேரும் நிறத்துக்குத்தான் அடுத்த சுற்று.
மற்றதெல்லாம் விளக்குத்தூண் தாண்டுவதற்குள்
கூட்டத்தில் கரைந்துவிடும்.
சுற்றிச் சுற்றித் திரண்டது ஒரு மூலையில் கசிகிறது:
613.2 நானோமீட்டர்.

எங்களுக்கு வேண்டியதோ நகர்கிற நிறம்.
வளைத்தோம். உடைந்தது.
மூலக்கூறின் வாலில் ஒன்றைக் கழற்றி
வேறொன்றை மாட்ட எட்டு மாதம்.
நிறம் மாறியது, மாறிய இடத்தில்
குத்துக்கல்லாய் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை
நாகமலைப் பக்கம் முழுக்க ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை.
ஏசி நின்றது.
யுபிஎஸ்ஸில் லேசரும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் மட்டும்.
'மூடிட்டுக் கிளம்பலாம்' என்றேன்.
ஜெசிந்தா திரையை விட்டு அசையவில்லை.

613.0
முதுகில் சட்டை ஒட்டத் தொடங்கியது.
612.7
'ஜன்னலைத் திறக்காதே.'
612.1
சித்திரை வெயில் சுவர் வழியே உள்ளே வர வர
எங்கள் நிறம்
பக்கவாட்டில் போகும் நண்டாய்
நீலத்தின் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது.

மின்வாரியத்துக்குப் போன் போட்டேன்.
'அண்ணே, லைன் விட இன்னும் நேரமாகுமா?'
'அஞ்சு மணிக்கு டான்னு வந்துரும்மா.'
'அவசரமே இல்லண்ணே. பொறுமையா விடுங்க.'
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'யாரும்மா நீ?'

யுபிஎஸ் கத்தத் தொடங்கி ஓய்ந்தது.
இருவரும் காகிதத்தால் விசிறிக்கொண்டு காத்திருந்தோம்.
ஐந்தே காலுக்கு ஏசி இருமிக்கொண்டு எழுந்தது.
அறை குளிரக் குளிர
நிறம் போன வழியே திரும்பி வந்தது,
612.4, 612.9,
வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறவனாய்
613.2.

ஜெசிந்தா நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்,
'ஏசியை நாமளே அணைச்சிருக்கலாம்ல?'

சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
நான்கு வருடமாய் அங்கேதான் இருக்கிறது.